கல் இல்லாத ஊரிலிருந்து ஒரு கடிதம்

அக்டோபர் 19, வியாழன் – ஜெனோவா

மிலானில் அலுவலக வேலை நேற்றோடு முடிந்தது. ஒரு வாரம் விடுப்பு கையில் இருக்கிறது. "வெனிஸ் போயேன், எல்லாரும் போற இடம்" என்றார்கள். நான் ஜெனோவாவுக்கு ரயில் ஏறினேன். காரணம் ஒரு பதினேழு வயதுப் பையன்.

அவன் பெயர் ஒரெஸ்தே சோலா. வடக்கு இத்தாலியில் பியெல்லா என்ற நெசவு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வால்தெங்கோ கிராமத்துக்காரன். அப்பா அம்மா இருவரும் ஆலைத் தொழிலாளிகள். தொழிற்பள்ளிப் படிப்பை முடித்த கையோடு 1901இல் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிவிட்டான். அங்கிருந்து வீட்டுக்கு எழுதினான், வீட்டிலிருந்து அவனுக்கு எழுதினார்கள். 1922 வரை அது ஓடியது. நடுவில், 1912இல், தம்பி அபேலேயும் அண்ணன் பின்னாலேயே போய்விட்டான். குடும்பத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் 1988இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. புலம்பெயர்ந்தவர்களின் கடிதங்கள் கிடைப்பது அதிசயமில்லை. இந்தக் கரை, அந்தக் கரை இரண்டும் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம். முதல் கடிதத்தை மட்டும் நகலெடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜெனோவா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மழை. மழை என்றால் குற்றாலத்துச் சாரல் இல்லை, கடலைத் தூக்கிக் கவிழ்த்த மாதிரி. சந்து முனையில் பங்களாதேஷ் பையன் ஒருவன் குடை விற்றுக்கொண்டிருந்தான். ஏழு யூரோ என்றான். காலையில் ஐந்துதானே என்று சும்மா அடித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே ஐந்துக்குக் கொடுத்தான். அதற்குள் அவனுக்கு வீட்டிலிருந்து வீடியோ கால். கடையோரம் ஒதுங்கி, தலையைத் துடைத்துக்கொண்டு, நனைந்த தோள் தெரியாதபடி போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பேசினான். பின்னால் விளக்கு எரிகிற கடைக் கண்ணாடி வரும்படி ஒரு அடி நகர்ந்தும் கொண்டான். குடை இரண்டு தெருவுக்குத் தாங்கியது. அப்புறம் கம்பி மடங்கிக் குப்பைத்தொட்டிக்குப் போனது.

இரவு சாப்பாடு ஃபரினாட்டா. கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டு, வண்டிச்சக்கரம் அகலத் தாமிரத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைக்கிறார்கள். மேலே மொறுமொறு, உள்ளே கொழகொழ. ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தால் நம் ஊர் அடை. இங்கிருந்து கப்பலேறியவர்கள் இதையும் கொண்டுபோயிருக்கிறார்கள். புவெனஸ் அயர்ஸில் இதன் பெயர் ஃபைனா. பீட்சா துண்டின் மேலே அதை வைத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். மாவின் மேல் மாவு. பசித்தவன் கண்டுபிடித்த சாப்பாடுதான், சந்தேகமில்லை.

தென்காசிக்குப் போன் போட்டு அம்மாவிடம் முதலில் சொன்னது இந்த அடைக் கதையைத்தான். எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் பேச்சு சாப்பாட்டில்தான் தொடங்கும்.

அக்டோபர் 20, வெள்ளி – ஜெனோவா

விடிய விடிய மழை. ஷூ காயவில்லை. ஈரத்தோடே போட்டுக்கொண்டேன். (பின்னால் இதற்கு அனுபவித்தேன்.)

புலம்பெயர்வுக்கான தேசிய அருங்காட்சியகம் ஸ்டேஷனுக்குக் கிட்டேயே, பிரே தெருவின் முனையில் இருக்கிறது. 2022இல் திறந்தார்கள். கட்டடம் மட்டும் 1180இல் கட்டியது. புனித பூமிக்குக் கப்பலேற வந்த யாத்ரீகர்கள் தங்குவதற்கான சத்திரம். சத்திரத்தைப் பிடித்து அருங்காட்சியகம் ஆக்கியவருக்கு ஒரு கும்பிடு. கப்பலுக்குக் காத்திருப்பதற்கென்றே கட்டிய சுவர்கள் அல்லவா?

உள்ளே திரைகள், காதில் மாட்டிக்கொள்ளக் குரல்கள், கடிதங்கள், வரைபடங்கள். 1876இலிருந்து 1915 வரை மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டுப் போயிருக்கிறார்கள். 1913இல், ஒரே வருடத்தில், 8 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். பலர் திரும்பியும் வந்தார்கள். சிலர் இத்தாலியில் அறுவடை முடித்துவிட்டு, தெற்கே பருவம் நேர்மாறு என்பதால், அங்கே இன்னொரு அறுவடைக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு அர்ஜென்டினாவில் வைத்த பெயர் தகைவிலான் குருவிகள்.

இந்த எண்களெல்லாம் வெளியே வந்ததும் மறந்துவிடுகின்றன. மறக்காதது பிரே தெரு. அன்று கப்பலுக்குக் காத்திருந்த கிராமத்து ஆட்களை விடுதிக்காரனும் தரகனும் சேர்ந்து உரித்தெடுத்த பேட்டை இது. 1901 ஜனவரியில் அரசு தனிச் சட்டம் போட்டு, உரிமம் இல்லாதவர் டிக்கெட் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வந்த வருடம்தான் நம் ஒரெஸ்தே கிளம்பினது. இன்று அதே தெருவில் செனகல்காரர் முடிவெட்டும் கடை, பங்களாதேஷ் மளிகை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கடை. மளிகையில் முருங்கைக்காய் பார்த்தேன். நான்கே நான்கு, காய்ந்துபோய், விலை கேட்டதும் வைத்துவிட்டேன்.

மதியம் இரண்டரைக்குச் சாப்பிடப் போனால் சமையலறை மூடியாகிவிட்டது. அடுத்த கடையிலும் அதே பதில். இந்த ஊரில் பசிக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். பேக்கரியில் நிறுத்து வாங்கின ஃபொகாச்சியா ரொட்டியை மழைக்கு ஒதுங்கி நின்றபடியே தின்றேன். கையெல்லாம் எண்ணெய். இரண்டு யூரோ சொச்சம். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி.

அக்டோபர் 21, சனி – பியெல்லா

நொவாராவில் ரயில் மாறினேன். சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஊர் குழம்பிவிட்டது. வயல். நெல் வயல். வரப்பு, வாய்க்கால், அறுத்த தாள், தாளுக்குள் நிற்கிற கொக்கு. தூரத்தில் மட்டும் பனி மூடிய ஆல்ப்ஸ். மழைக்குப் பிறகு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அம்பாசமுத்திரம் வயலுக்குப் பின்னால் யாரோ இமயமலையைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நான் படம் எடுப்பதைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அது வெறும் வயல்தானே.

பியெல்லா கம்பளி நகரம். மலையிலிருந்து இறங்குகிற செர்வோ ஆற்றின் கரையில் வரிசையாக ஆலைகள். சில இன்னும் உலகத்தின் விலையுயர்ந்த கோட்டுத் துணியை நெய்கின்றன, சிலவற்றின் சன்னல் வழியே மரம் வளர்ந்திருக்கிறது. ஆற்றைப் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீரைவிடப் பாறைதான் அதிகம். யானைக்குட்டி யானைக்குட்டியாக வெள்ளைப் பாறைகள்.

மேல் ஊருக்குக் கயிற்றால் இழுக்கும் ரயில் ஒன்று 1885இலிருந்து இருக்கிறது. ஏறி மேலே போனதும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. குளிர் என்று நினைத்தேன். காய்ச்சல்.

அக்டோபர் 22, ஞாயிறு – பியெல்லா, கட்டிலில்

இன்று பார்த்த இடம்: அறையின் உத்தரம்.

காலையில் மருந்துக்கடை தேடிப் போனேன். ஞாயிறு என்பதால் பூட்டு. எந்தக் கடைக்கு இன்று முறை என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. அந்தக் கடை ஊருக்கு மறுகோடியில். நூற்றிரண்டு டிகிரியோடு அங்கே நடந்துபோய்ப் பாராசிட்டமால் வாங்கி வந்தேன். படியேறும்போது வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டார். எழுபத்தைந்து வயது இருக்கும். அவருக்கு ஆங்கிலம் நான்கு சொல், எனக்கு இத்தாலியன் ஆறு சொல். நெற்றியைத் தொட்டுப் பார்க்க மொழி எதற்கு? அரை மணியில் கதவைத் தட்டி ஒரு தட்டு கொண்டுவந்தார். வெறும் வெள்ளைச் சோறு. குழைய வேகவைத்து, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், மேலே கொஞ்சம் துருவின சீஸ். உடம்பு சரியில்லாதவர்களுக்கு இங்கே இதுதானாம். இதுவரை கடைகளில் இவர்கள் கொடுத்த ரிசோட்டோ அரிசி பல்லில் கடிபட்டது. நோயாளிக்கு மட்டும் நம் பக்குவத்தில் வேகவைக்கிறார்கள். எண்ணெய்க்குப் பதில் மோரும் ஒரு நார்த்தங்காயும் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு எதற்கு இந்த ஊருக்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் தாத்தாவின் தம்பியும் 'மெரிக்கா' போனவராம். வட அமெரிக்காவா தென் அமெரிக்காவா என்று கேட்டேன். கையை விரித்தார். மெரிக்கா, அவ்வளவுதான். கடிதம் எதுவும் இருக்கிறதா என்றால், அடுப்பில் தீ மூட்டுகிற மாதிரி கையால் காட்டினார். அவருடைய அம்மா ஒரு குளிர்காலத்தில் எல்லாவற்றையும் எரித்துவிட்டாராம்.

மத்தியானம் ஒரெஸ்தேயின் நகலை எடுத்தேன். தேதி 1901 ஆகஸ்ட் 17, புவெனஸ் அயர்ஸ். அப்பா, அம்மா, சகோதரிக்கு. ஐந்தாம் தேதி வந்து சேர்ந்தேன், நல்ல சுகம், கூட வந்த இருவரும் சுகம் என்று தொடங்குகிறான். நம் 'நலம், நலமறிய ஆவல்' இங்கேயும் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டு முகவரிக்குப் போனதும் அவர் நம் ஊர் ஆட்களையெல்லாம் அறிமுகம் செய்துவைத்தார் என்கிறான். எங்கே போனாலும் பியெமோந்தே (பியெல்லா இருக்கிற மாநிலம்) பேச்சுதான் காதில் விழுகிறதாம், அர்ஜென்டினாக்காரர்களே இத்தாலியன் பேசுகிறார்களாம். நாட்டின் ஜனாதிபதியும் இத்தாலியர்தானாம், தொடர்ந்து மூன்றாவது இத்தாலிய ஜனாதிபதி. சுத்தப் புளுகு. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஹூலியோ ரோகா, அவர் இத்தாலியரே இல்லை. வந்து பன்னிரண்டு நாள் ஆன பையனிடம் பழைய ஆள் யாரோ விட்ட கதையாக இருக்கும். நம்பி, பெருமையாக வீட்டுக்கும் எழுதிவிட்டான். துபாய் போன எங்கள் மாமா முதல் மாதம் எழுதினதெல்லாம் ஞாபகம் வந்து, தனியாகப் படுத்துச் சிரித்தேன்.

அப்புறம் ஊர் வர்ணனை. மரக்கட்டையும் சிமெண்டும் பாவின தெருக்கள், பளிங்கு மாதிரி வழவழப்பு. அதில் டிராம் இழுக்கிற குதிரைகள் வழுக்கி விழுகின்றன, ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாமல். புதிய நாடாளுமன்றக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, அதன் கட்டடக் கலைஞர் இத்தாலியர். இது உண்மை. விட்டோரியோ மெயானோ, அவரும் பியெமோந்தேக்காரர். இந்த வேலை முடிவதைப் பார்க்க நான் இங்கே இருக்க மாட்டேனோ என்னவோ என்று பையன் எழுதுகிறான். கடைசியில் பார்க்காமல் போனது மெயானோதான். 1904இல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கட்டடத்தில் நாடாளுமன்றம் கூடியது 1906இல்.

எனக்குப் புரியாத வரி இதற்கு அடுத்து வருகிறது. ஊருக்கு வெளியே பாலைவனத்தைவிட மோசம் என்கிறான். மண் குடிசைகள், மரம் கிடையாது, கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. அதோடு ஒன்று: இங்கே ஒரு கல் கிடைக்காது, எடைக்கு எடை தங்கம் கொடுத்தாலும் கிடைக்காது. மண்ணெல்லாம் எரு மாதிரிக் கறுப்பு.

கறுப்பு மண் என்றால் நல்ல மண் அல்லவா? குடியானவன் அதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாமா? கல் இல்லை என்று யாராவது குறைப்படுவார்களா?

மாலை அம்மா போன் பண்ணினாள். குரல் ஏன் கம்மியிருக்கிறது என்றாள். குளிரில் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 23, திங்கள் – கன்தேலோ

காய்ச்சல் விட்டது. கால் மட்டும் பஞ்சாக இருந்தது. கிட்டத்தில் இருக்கிற கன்தேலோவுக்குப் பஸ் பிடித்தேன். திங்கட்கிழமை என்பதால் காப்பிக்கடை ஒன்றைத் தவிர எல்லாம் மூடல். ஒரு எஸ்பிரெஸ்ஸோ 1.20 யூரோ. உட்கார்ந்து குடிக்கலாமா என்று தயங்கினேன். கடைக்காரரே நாற்காலியை இழுத்துப் போட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

இங்கே ரிச்செத்தோ என்று ஒரு கோட்டை. ராஜா கட்டினதில்லை. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் ஊர் விவசாயிகளே சேர்ந்து, தானியத்தையும் திராட்சை மதுவையும் பத்திரப்படுத்தக் கட்டிக்கொண்டது. மதிலுக்குள் ஏறக்குறைய இருநூறு சின்னச் சின்ன அறைகள், நடுவில் மாட்டுவண்டி போகிற சந்துகள். சண்டை வந்தால் ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். எனக்குப் பிடித்தது சுவர்தான். எல்லாம் ஆற்றுக் கூழாங்கல். ஒரு வரிசையை வலப்பக்கம் சாய்த்து, அடுத்த வரிசையை இடப்பக்கம் சாய்த்து, மீன்முள் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். தரையிலும் அதே கல். ஈர ஷூவோடு ஒரு மணி நேரம் நடந்ததில் பாதம் வீங்கிவிட்டது. யாரும் இல்லை. ஒரு பூனை மட்டும் என்னோடு வந்தது, கடைசிவரை.

அக்டோபர் 24, செவ்வாய் – கொஸ்ஸாத்தோ, வால்தெங்கோ

கொஸ்ஸாத்தோவில் இறங்கினேன். ஒரெஸ்தேயின் முதல் கடிதத்திலேயே இந்த ஊர் வருகிறது. ஏதோ காகிதங்களுக்காக ஒரு நடை கொஸ்ஸாத்தோ போய்வாருங்கள் என்று வீட்டுக்குச் சொல்கிறான். அந்த நடையைத்தான் நான் மறுபக்கமாக நடந்தேன். நாலு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். நடைபாதை கிடையாது. லாரி போகும்போதெல்லாம் புல்லில் ஏறி நிற்க வேண்டும். சாலையோரம் கஷ்கொட்டை ஓடுகள் முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி சிதறிக் கிடந்தன.

வால்தெங்கோ சின்ன ஊர். வெயில் அடித்தது. சோலா வீட்டை நான் தேடவில்லை. நூற்றிருபது வருடம் கழித்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? சும்மா ஏறி இறங்கி நடந்தேன். சன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரு நாய் என்னைக் கடமைக்குக் குரைத்தது.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் பெரியவர் ஒருவர் மண் கொத்திக்கொண்டிருந்தார். முட்டைக்கோசு எடுத்த பாத்தி போலிருக்கிறது. மண்வெட்டி இறங்கும்போதெல்லாம் 'ணங்'கென்று ஒரு சத்தம். குனிவார், கல்லை எடுப்பார், பார்க்காமலே பின்னால் வீசுவார். மதிலோரம் இடுப்பளவு கற்குவியல். அதன் மேலேயே போய்ச் சரியாக விழும். அடுத்த கொத்து. ணங். அடுத்த கல். வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து, குவியலையும் பாத்தியையும் மாறி மாறிக் காட்டி, ஏதோ நீளமாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'செம்ப்ரே'. எப்போதும்.

அப்போதுதான் பிடிபட்டது. இந்தச் சத்தத்தில் வளர்ந்த பையன் அவன். ஆறு கல், சுவர் கல், தெரு கல், கீரைப்பாத்தியில்கூடக் கல். போன இடத்தில் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் அந்த 'ணங்' வரவில்லை. நல்ல மண்ணாயிற்றே என்று அவனுக்குத் தோன்றவில்லை. பதினேழு வயது ஆம்பிளைப் பையன் வீட்டு ஞாபகமாக இருக்கிறது என்று அப்பாவுக்கு எழுதுவானா? இங்கே கல்லே இல்லை என்று எழுதினான். கீழே, எல்லாரும் இத்தாலி திரும்ப வேண்டும் என்கிறார்கள், ஒருவரும் அசைவதில்லை, நானும் அப்படித்தான் ஆவேனோ என்றும் ஒரு வரி. அது சிரிப்பும் கூத்துமாக இருக்கிறோம் என்ற பேச்சுக்கு நடுவில் வருவதால் சுலபமாகத் தாண்டிப் போய்விடலாம். சாப்பாடு பரவாயில்லை, ருசிதான் இல்லை என்பதும் அந்தப் பக்கத்திலேயே. அதற்குப் பிறகு அவன் மெந்தோசாவிலிருந்து எழுதுகிறான். ஆண்டீஸ் அடிவாரம். அங்கே கல்லுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

பெரியவர் வேலிக்கு மேலே இரண்டு ஆப்பிள் நீட்டினார். காசு கொடுக்கப் பையைத் தொட்டேன், முறைத்தார். ஆப்பிள் புளிப்பு.

திரும்பி கொஸ்ஸாத்தோவில் ஒரு பட அட்டை வாங்கினேன். அட்டையைவிடத் தபால்தலை மூன்று மடங்கு விலை. சிவப்புத் தபால்பெட்டியில் இரண்டு வாய். ஒன்று உள்ளூருக்கு, ஒன்று மற்ற எல்லா ஊருக்கும். ரயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. பெட்டி மேலேயே வைத்து எழுதி, இரண்டாவது வாயில் போட்டேன்.

நவம்பர் 16 – சென்னை

அட்டை இன்றுதான் தென்காசி போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா போனில் முழுவதையும் எனக்கே வாசித்துக் காட்டினாள். நெல் வயல், பனிமலை, கூழாங்கல் கோட்டை, கல் பொறுக்குகிற தாத்தா, எல்லாம். வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னல, சாப்பாட்டப் பத்தி ஒரு வரி இல்ல? அங்க உனக்கு உடம்பு சரியில்லாமத்தான இருந்துச்சு?"

"அட்டையில எடம் இல்லம்மா" என்றேன்.

"முதல் வரியில 'நான் நல்ல சுகம்'னு எழுத எடம் இருந்துச்சாக்கும்" என்றாள்.